சீட்டித் துணிக்கு அஞ்சிய நாடு

1686 அக்டோபர் 26 அன்று பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசு ஓர் ஆணை போட்டது. இந்தியாவிலிருந்து வரும் வண்ணப் பருத்தித் துணியை இறக்குமதி செய்யக்கூடாது. அதைப் பார்த்து நாட்டுக்குள் அச்சடிக்கவும் கூடாது. பட்டும் கம்பளியும் நெய்பவர்களின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சமே காரணம். அச்சத்தில் நியாயம் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சீட்டி என்ற இந்த வண்ணத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் போகாமல் நின்றது. பட்டைவிட மலிவாகவும் கிடைத்தது. அதே தரத்தில் செய்ய ஐரோப்பியருக்கு அப்போது தெரியாது.

தடை 73 ஆண்டுகள் நீடித்தது. துணியோ வந்துகொண்டே இருந்தது. அரசவைப் பெண்களே அதை உடுத்தினார்கள். புகையிலையோடு இந்தத் துணியையும் கடத்தி விற்ற மாந்த்ரென் என்பவனை 1755இல் வலான்ஸ் நகரில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். மக்கள் அவனை நாயகனாகக் கொண்டாடினார்கள்.

பிரெஞ்சுப் பொருளியல் சிந்தனை இந்த முரண்பாட்டில்தான் கூர்மை பெற்றது என்பது என் கருத்து. 1751இல் அரசின் வணிகத்துறை உயரதிகாரியான வென்சான் த கூர்னே, இளமையில் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் வணிகம் செய்தவர். அமெரிக்க வெள்ளி ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல் அது. பல நாட்டாரோடு கொடுக்கல் வாங்கலில் பழகியவருக்கு, தொழிலை ஆணைகளாலும் ஆய்வாளர்களாலும் கட்டிப்போடுவது வீண் வேலையாகத் தெரிந்தது. பின்னாளில் நிதியமைச்சரான துர்கோவும், பாதிரியார் மொரெல்லேயும் அவரைச் சுற்றியிருந்தவர்கள். மொரெல்லே 1758இல் வண்ணத் துணிக்காகவே ஒரு நூல் எழுதினார். சில தொழில்களைக் காப்பதற்காக நாடே ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. லியோன், ரூவான் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மறு ஆண்டே தடை நீங்கியது. பத்தாண்டு கழித்து அதே மொரெல்லே, பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் ஏகபோகத்துக்கு எதிராகவும் எழுதினார். 1769இல் அதுவும் ஒழிந்தது. தடையற்ற வணிகம் என்று இன்று உலகம் படிக்கிற கொள்கை, புத்தக அறையில் மட்டும் பிறந்ததல்ல. கடல் கடந்து வந்த ஒரு துணியும் அதற்குக் காரணம்.

ஆனால் அந்த விவாதம் யாருடைய உரிமையைப் பேசியது? பிரெஞ்சுப் பெண் உடுத்தும் உரிமை, பிரெஞ்சுத் தொழிலாளி அச்சடிக்கும் உரிமை. கரையோரத்தில் கலம் என்ற எழுதுகோல் பிடித்துத் துணியில் ஓவியம் எழுதியவர் அதில் இல்லை. அவருடைய தொழில் மட்டும் கப்பலேறியது. சோழமண்டலக் கரையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து, புதிதாகக் கிறிஸ்தவர்களான ஓவியர்களிடம் கேட்டு, கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவதிலிருந்து சாயவேரில் சிவப்பு ஏற்றுவது வரை 1742இல் கடிதமாக எழுதினார். அது பிரான்சில் அச்சானது. தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், வெர்சாய்க்கு அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் துணி அச்சு ஆலை தொடங்கினார். இதே இந்தியப் பருத்தித் துணிகளையும் கொடுத்துத்தான் ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கின. சுதந்திரம் பற்றிய அந்த நூற்றாண்டின் பேச்சை இதையும் மறவாமல்தான் நாம் படிக்க வேண்டும்.

இன்று ஜூயி ஆலை இல்லை, 1843இல் மூடிவிட்டார்கள். ஊரில் அந்தத் துணிக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரான்சோ மறுபடியும் ஆசியத் துணியைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. சீனாவிலிருந்து இணையம் வழியே குவியும் மலிவு ஆடைகளுக்குக் கட்டணமும் விளம்பரத் தடையும் விதிக்கும் மசோதா 2024 மார்ச்சில் அங்கே கீழவையில் ஒருமனதாக நிறைவேறியது. சுற்றுச்சூழல் என்பது புதிய காரணம், தேவையான காரணமும்கூட. உள்நாட்டுத் தொழிலின் அச்சம் மட்டும் பழையது. பிரான்ஸ் மட்டுமல்ல, அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அப்போதும் வரி விகிதத்தைப் பற்றித்தான் பேச்சு. தையல் மெஷினில் உட்காரும் பெண்ணின் கூலியைப் பற்றி யார் பேசினார்கள்?

ஒன்று மாறியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு கடிதத்தோடு போய்விட்ட கைத்தொழிலுக்கு இன்று சட்டத்தில் இடம் உண்டு. கும்பகோணம் வட்டாரத்துக் கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் சில குடும்பங்கள் துணியில் கையால் எழுதுகின்றன. அந்தப் பக்கம் போனால் நேரில் பாருங்கள். எழுதியவர் யார் என்று பெயர் கேட்டு, அவரிடமே வாங்குங்கள்.