அச்சடித்த விமானம்

பேப்பர் ராக்கெட் விடாதவங்க நம்ம ஸ்கூல்ல யாருமே இருக்க மாட்டாங்க. ஆனா, 2 மீட்டர் இறக்கை உள்ள விமானத்தையே அச்சடித்துப் பறக்க விட்டிருக்கிறார்கள், தெரியுமா? 2011-ல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில். பெயர் சுல்சா.

இந்த அச்சுக்கு மை கிடையாது. நைலான் தூளை மெல்லிசா பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் பட்டால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு அடுக்கு, இன்னொன்று... கடைசியில் மிச்சத் தூளை உதறினால் இறக்கை ரெடி! மோட்டாரும் பேட்டரியும் தனி.

கஷ்டமே எடையில்தான். சுவர் தடிமனா இருந்தா எழும்பாது. மெல்லிசா இருந்தா ஒடிஞ்சிடும். அதனால் மெல்லிய தோலுக்குள்ளே கூடைப் பின்னல் மாதிரி சட்டம் வைத்தார்கள். இது பழைய யோசனைதான். இரண்டாம் உலகப் போரின் வெலிங்டன் விமானத்தில் பார்ன்ஸ் வாலிஸ் வைத்தது. மற்ற முறையில் செய்தால் ரொம்பச் செலவு. அச்சு மெஷினுக்குக் கோடு நேரா போனா என்ன, வளைஞ்சு போனா என்ன?

துண்டுகளைச் சேர்க்க ஸ்க்ரூ வேண்டாம். டிபன் பாக்ஸ் மூடி மாதிரி 'டக்'குனு மாட்டிக்கும்.

2015-ல் இன்னொரு சுல்சா. 1.5 மீட்டர் இறக்கை, 3 கிலோ எடை, நாலே துண்டு. மெர்சி என்ற போர்க்கப்பலிலிருந்து கிளம்பி, சுமார் 500 மீட்டர் பறந்து டார்செட் கடற்கரையில் பத்திரமா இறங்கிச்சு!