ஒட்டிக்கொள்வதற்கு முன்பே கொல்ல வேண்டும்

மலேரியா என்றதும் குளிரும் நடுக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகையில் பெரிய ஆபத்து ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி வளர்ந்து பெருகி வெளியேற ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும். முதல் பாதியில் அது சிறு வளையமாக இருக்கும். அணுவும் உடலெங்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் அணுவின் மேற்பரப்பில் நுண்ணிய முடிச்சுகள் முளைக்கின்றன. அவற்றில் ஒட்டுண்ணி நீட்டிவைக்கும் புரதம் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. அதே புரதம் நோயற்ற சிவப்பணுக்களையும் இழுத்துச் சேர்க்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவே கருநிறமி படிந்த ஓர் அணு, சுற்றிலும் இதழ்களைப் போல நல்ல அணுக்கள். ஏ வகை ரத்தத்தில் இந்தக் கொத்து இறுக்கமாக உருவாகிறது, ஓ வகையில் தளர்கிறது. ஓ வகையினருக்குக் கடுமையான மலேரியா குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணமாகவே உடலை மடக்கித்தான் ஒரு சிவப்பணு நுண்நாளத்தைக் கடக்கிறது. கொத்து எப்படிக் கடக்கும்? மூளையின் நுண்நாளங்கள் அடைபட்டுக் கிடந்ததை இத்தாலிய மருத்துவர்கள் மார்கியாஃபாவாவும் பிக்னாமியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

அப்படியானால் ஒட்டியதைப் பிரித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு அபாயம் குறுக்கே நின்றது. மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நினைவிழந்த நிலை நீண்டதுதான் மிச்சம் என்று 1982இல் வெளியான ஆய்வு காட்டியது. பலன் கிடைத்தது வேறொரு வழியில். பழைய மலேரியா மருந்தான குயினைன் பெரும்பாலும் முதிர்ந்த ஒட்டுண்ணியைத்தான் தாக்கும். அதற்குள் அணு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தோ ஒட்டுண்ணியை வளையப் பருவத்திலேயே கொன்றுவிடுகிறது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மரில் 1,461 பேரிடம் நடந்த ஒப்பீடு 2005இல் வெளிவந்தது: குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்விலும் 10.9 சதவீதமாக இருந்த இறப்பு 8.5 ஆகக் குறைந்தது.

குயினைன் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும். அந்தத் தீமை நீங்கியதால்தான் இறப்பு குறைந்தது என்று ஒருவர் வாதிடலாம். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகுந்திருந்தவர்களுக்குத்தான் ஆர்ட்டிசுனேட்டால் கூடுதல் பலன் கிடைத்தது. ஒட்டக் காத்திருக்கும் அணுக்கள் அதிகமாக உள்ள இடத்தில் பலனும் அதிகம் என்பது, ஒட்டுவதைத் தடுத்ததே முக்கியக் காரணம் என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. மலாவியில் மலேரியாவால் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் மூளை கடுமையாக வீங்கியிருந்ததை 2015இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. வீக்கம்தான் கொல்கிறது என்றாலும், அதற்கு முன் அடைப்பு நிகழ்ந்திருக்கிறது என்பதை அது மறுக்கவில்லை.

ஆர்ட்டிசுனேட்டுக்கும் ஒரு பின்விளைவு உண்டு. இறந்த ஒட்டுண்ணியை அணுவிலிருந்து மண்ணீரல் பிடுங்கியெறிந்து, அணுவை மீண்டும் ஓட்டத்துக்கு அனுப்புகிறது. அப்படித் தப்பிய அணுக்களுக்கு ஆயுள் குறைவு. சில வாரங்களில் அவை உடைந்து ரத்தசோகை வரலாம். இதற்கு அஞ்சி மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நான்கு வாரங்கள் வரை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். காலம்தான் இங்கே எல்லாம். மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தத்தைச் சோதியுங்கள், போன ஊரை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட அணுக்கள் விரல்நுனி ரத்தத்தில் சிக்காது. ஆகவே முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள்.