மூளைப் பந்திக்குச் சூடான ரசம்

வாசகர் ஒருவர் ஸ்கேன் மையம் ஒன்றின் துண்டறிக்கையை அனுப்பியிருக்கிறார். ஊசி கிடையாது, சாயம் கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, ஆனால் மூளையின் ரத்த ஓட்டம் முழுக்க வண்ணப் படமாகக் கிடைக்கும் என்கிறது அறிக்கை. கூடவே ‘ஞாபகசக்தி பேக்கேஜ்’ என்று ஒன்றும் உண்டு. எழுபது வயது அம்மாவுக்கு இதை எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. ஊசியே போடாமல் உள்ளே ஓடும் ரத்தத்தை எப்படி அளக்க முடியும், இது ஏமாற்று வேலை இல்லையா என்பது உபகேள்வி.

எனக்குப் பிடித்தது உபகேள்விதான். ஏமாற்று வேலை இல்லை. எம்.ஆர்.ஐ.யில் நடக்கும் காரியங்களிலேயே மிக அழகான ஒன்று அது. பேக்கேஜ் வேறு விவகாரம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எதை அளக்கிறார்கள்? பெரிய ரத்தக் குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதை அல்ல. அதை டாப்ளர் கருவியே சொல்லிவிடும். தந்துகிகள் வழியாக மூளைத் திசுவுக்கு எவ்வளவு ரத்தம் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே கணக்கு. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லிலிட்டர். சாம்பல் நிறப் பகுதிக்கு 60, 70 என்று கூடுதலாகவும், வெண்ணிறப் பகுதிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போலவும் போகும். சாம்பல் பகுதியில் இது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும். 10க்குக் கீழே போனால் அணுக்கள் சாகத் தொடங்க அதிக நேரம் ஆகாது. ஆகவே இந்த எண் வெறும் அலங்காரம் இல்லை.

ஊசி போட்டு அளக்கும் முறையில் காடோலினியம் கலந்த மருந்தைச் சிரையில் ஏற்றி, அது மூளையைக் கடந்துபோகும் சில நொடிகளில் படங்களை மளமளவென்று எடுப்பார்கள். ஊசி போடாத முறைக்கு ‘ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங்’ என்று பெயர். ஸ்கேன் அறையில் ஏ.எஸ்.எல். என்றுதான் சொல்வார்கள். இதில் வெளியிலிருந்து எதுவும் ஏற்றுவதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையே அடையாளம் போட்டு அனுப்புகிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் அத்தனையும் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். முன்னால் இரண்டு கரோட்டிட் தமனிகள், பின்னால் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள். கழுத்துக்குக் குறுக்கே ஒரு தளத்தைக் குறித்துவைத்து, அதைத் தாண்டும் தண்ணீரின் காந்தத்தன்மையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால், அது மூளைக்குள் போய்ச் சேரும்போது நம்மால் கண்டுபிடிக்க முடியும்.

கவிழ்ப்பது எப்படி என்பதில்தான் ரசமே இருக்கிறது. காந்தப்புலம் கழுத்து நெடுகச் சீராகக் கூடிக்கொண்டே போகும்படி லேசாகச் சரித்துவிடுவார்கள். 3 டெஸ்லா இயந்திரத்தில் புரோட்டான்கள் சுமார் 128 மெகாஹெர்ட்ஸுக்கு மசியும். புலத்தைச் சரித்துவிட்டதால் இந்த அதிர்வெண் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். குறித்துவைத்த தளத்துக்கு மட்டும் பொருந்தும் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை விடுகிறார்கள். ரத்தத்தோடு மேலேறி வரும் புரோட்டானுக்கு முதலில் அந்த அலை பொருந்தாது. தளத்தை நெருங்க நெருங்கப் பொருந்தும். தாண்டியதும் மறுபக்கமாகப் பொருந்தாமல் போகும். இந்தக் கடப்புக்குள், புரோட்டான் உணரும் மொத்தக் காந்தத் திசை மேலிருந்து கீழாக மெல்லத் திரும்பிவிடுகிறது. மெல்லத் திரும்புவதால் காந்தத்தன்மையும் அதைப் பிடித்துக்கொண்டே கூடத் திரும்புகிறது. இடம்விட்டு இடம் நகராத தசைக்கும் எலும்புக்கும் இந்தக் கடப்பு கிடையாது, அவை கவிழ்வதும் இல்லை. ஆக, ரத்தத்தைக் கவிழ்ப்பது ரத்தத்தின் ஓட்டமேதான்! இன்றைய இயந்திரங்களில் ஒரே நீண்ட அலைக்குப் பதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டித் துடிப்புகளை 1.8 நொடி நேரம் விடுகிறார்கள். தாண்டும் ரத்தத்தில் சுமார் 85 சதவீதத்துக்குக் கவிழ்ப்பு சரியாகப் பிடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இனி ஒரு கல்யாணப் பந்திக்குப் போவோம். எந்த இலைக்கு எவ்வளவு ரசம் விழுந்தது என்று அளக்க வேண்டும். ஆனால் ரசத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. இலையில் இருக்கும் சோற்றைத் தொட்டு, சூட்டை மட்டும் பார்க்கலாம். சமையல்கட்டில் அடுப்பு கிடையாது, வாசற்படிதான் அடுப்பு. படியைத் தாண்டும் வாளி தாண்டும்போதே சூடாகிவிடும், படியருகே சும்மா நிற்கும் அண்டா சூடாகாது. சூடான வாளிகள் 1.8 நொடிக்குப் போகட்டும். பிறகு சற்றுக் காத்திருந்து எல்லா இலைகளையும் ஒரே சமயத்தில் தொட்டுப் பார்க்கிறோம். அடுத்த சுற்றில் படியை அணைத்துவிட்டு, அதே அளவு ரசத்தைச் சூடில்லாமல் அனுப்பி, மறுபடி தொட்டுப் பார்க்கிறோம். இரண்டையும் கழித்தால் சோற்றின் சொந்தச் சூடு அடிபட்டுப் போய், ரசத்தின் கணக்கு மட்டும் மிஞ்சும்.

சிக்கல் காத்திருப்பதில்தான். சீக்கிரம் தொட்டால் வாளி இன்னும் நடையில் வந்துகொண்டிருக்கும், இலையில் ரசமே விழவில்லை என்று தப்பாக எழுதிவிடுவோம். தாமதித்தால் ரசம் ஆறிப்போய்விடும். 3 டெஸ்லாவில் ரத்தத்தின் காந்த அடையாளம் ஆறும் காலம் சுமார் 1.65 நொடி. காத்திருப்பு 1.8 நொடி என்றால் மிஞ்சும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தவிர, கூட்டிக் கழித்துப் பார்த்தால் 1.8 நொடியில் 100 கிராம் மூளைக்கு விழும் ரசம் ஒன்றரை மில்லிலிட்டர். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஆறியது என்றால் இரண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. அதனால்தான் இந்த இருசுற்றுப் பந்தியை முப்பது, நாற்பது தடவை நடத்திச் சராசரி எடுக்கிறார்கள். ஸ்கேனருக்குள் நாலைந்து நிமிடம் தலையை ஆட்டாமல் படுத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒப்புமையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்தால் இயற்பியல் ஆசிரியர்கள் விட மாட்டார்கள். கவிழ்ந்த தண்ணீர் படத்தில் சிக்னலைக் குறைக்கும், கூட்டாது. எனவே சரியாகச் சொன்னால் அது ஐஸ் போட்ட ரசம். ஐஸ் ரசம் ஊற்றினால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் சூடாகவே வைத்துக்கொண்டேன்.

வரலாறும் இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940களில் ஆட்களைச் சிரிப்பூட்டும் வாயுவை முகரவைத்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்துக் கணக்குப் போட்டு, 100 கிராமுக்கு 54 மில்லிலிட்டர் என்றார்கள். முழு மூளைக்கும் சேர்த்து ஒரே எண். பிறகு கதிரியக்க செனான் வந்தது, இரண்டு நிமிடத்தில் பாதியாகத் தேயும் ஆக்சிஜன்-15 வந்தது. தண்ணீரைக் கவிழ்த்து அனுப்பும் யோசனையை ஜான் டெட்ரே, ஆலன் கோரெட்ஸ்கி குழுவினர் 1992இல் எலி மூளையில் செய்துகாட்டினார்கள். மருத்துவமனைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி எடுக்கும்படி பொதுப் பரிந்துரை வந்தது 2015இல்தான். நடுவில் இருபத்துச் சொச்சம் வருடம் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் சமையல் குறிப்பையே சிறந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

படம் பொய் சொல்லும் இடங்கள் உண்டு. தமனியில் ஸ்டென்ட் இருந்தால் அந்த இடத்தில் காந்தப்புலம் குழம்பி, ரத்தம் சரியாகக் கவிழாது. வெர்டிப்ரல் தமனி வளைந்து, தளத்துக்கு இணையாகப் படுத்து ஓடினாலும் அப்படியே. படத்தில் மூளையின் பின்பகுதி ரத்தமே போகாதது போல இருண்டு கிடக்கும், ஆள் நன்றாகத்தான் இருப்பார். வெண்ணிறப் பகுதிக்கு ரத்தமும் குறைவு, போய்ச் சேர எடுக்கும் நேரமும் அதிகம் என்பதால் அங்கே வரும் எண்ணைப் பெரிதாக நம்ப முடியாது. வயதானவர்களுக்கு ரத்தம் வந்துசேரவே நேரம் பிடிக்கும், அவர்களுக்குக் காத்திருப்பை 2 நொடியாகக் கூட்ட வேண்டும் என்பது 2015 பரிந்துரை. காபி தனிக்கதை. காஃபீன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரண்டு, மூன்று காபி அளவு காஃபீனுக்கே மூளையின் ரத்த ஓட்டம் சுமார் கால் பங்கு குறைவதை இதே முறையில் அளந்திருக்கிறார்கள். குடித்தவருக்கு ஞாபகம் ஒன்றும் கால் பங்கு குறைந்துவிடவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் மென்பொருளில் யாரோ தேர்ந்தெடுத்த வண்ணங்கள். அளவுகோலின் உச்சியை 100 என்பதற்குப் பதில் 60 என்று வைத்தால் அதே மூளை இன்னும் ‘சுறுசுறுப்பாக’ச் சிவந்துவிடும்.

காதலிக்கும்போது மூளையின் இந்த இடம் ஒளிர்கிறது, பொய் சொல்லும்போது அந்த இடம் ஒளிர்கிறது என்று வரும் படங்கள் பெரும்பாலும் இந்த வகையே அல்ல. அவை ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் காந்தத்தன்மையை வைத்து எடுக்கப்படுபவை. ரத்த ஓட்டத்தின் சாயல் அவற்றில் இருக்கும், மில்லிலிட்டர் கணக்கு இருக்காது. அந்த முறையில் 2009இல் ஒரு செத்த சால்மன் மீனுக்கு மனிதர்களின் புகைப்படங்களைக் ‘காட்டி’ ஸ்கேன் எடுத்தார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையிலும் ஒளிப்புள்ளி தெரிந்தது. 2012இல் அதற்கு இக்நோபல் பரிசும் கிடைத்தது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தொந்தரவு ஒன்றும் இல்லாதவருக்கு இந்தப் படம் வேண்டாம். ஞாபகமறதி நோயாளிகளை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டால் சில பகுதிகளில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் தனி ஒருவரின் படத்தை வைத்து அவருக்கு மறதி வருமா, வராதா என்று சொல்லும் துல்லியம் இதற்கு இல்லை. நலமாக இருப்பவர்களுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் எண் அவ்வளவு மாறும். மறதி இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் தேவையா என்று அவர் சொல்லட்டும். எடுக்கச் சொன்னால், அன்று காலை காபி குடித்ததை ஸ்கேன் அறையில் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை உண்மையிலேயே தன் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடங்கள் வேறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காடோலினியம் ஏற்றத் தயங்குவார்கள், அங்கே இது கைகொடுக்கிறது. குழந்தைகளுக்கு ஊசி இல்லை என்பதே பெரிய லாபம். பெரியவர்களைவிட அவர்களுக்கு மூளை ரத்த ஓட்டமும் அதிகம் என்பதால் படம் தெளிவாக விழும். மோயாமோயா என்றொரு நோய் இருக்கிறது. கரோட்டிட் தமனியின் நுனி மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே வரும், சிறுபிள்ளைகளுக்கும் பக்கவாதம் வரும். தலைத்தோலுக்குப் போகும் ஒரு தமனியை எடுத்து மூளையின் மேற்பரப்பில் இணைத்து அறுவைசிகிச்சை செய்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ரத்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப அளக்க ஏ.எஸ்.எல். வசதி. இந்தப் பிள்ளைகளின் படத்தில் மூளை ஓரமாகப் பளிச்சென்று புழு நெளிந்தது போன்ற கோடுகள் தெரியும். அளவீட்டுக் கணக்குப்படி அவை பிழை: ரத்தம் திசுவுக்குள் போகாமல் இன்னும் குழாயிலேயே இருக்கிறது என்று அர்த்தம், அங்கே வரும் எண்ணைத் தள்ளிவிட வேண்டும். படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் அதைத் தள்ளுவதில்லை. நேர்வழி அடைபட்டு, சுற்றுவழியாக ரத்தம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறார்.