வாய் திறக்காத பட்டதாரி

2020இல் இலங்கை அரசு, வேலையற்ற பட்டதாரிகள் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. பிரதேச செயலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் போன பலருக்குப் படிப்பு ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று.

வெள்ளவத்தையும் அடங்கும் திம்பிரிகஸ்யாய செயலகப் பிரிவில், புள்ளிவிபரவியல் படித்த ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே குடும்பத்தின் விபரத்தை மூன்று படிவங்களில் மூன்று தடவை எழுதுகிறாள். எக்செலில் போட்டால் அரைநாள் வேலை. அவள் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரி தூண்டினால், "சொல்லி என்ன, சேர் கேக்கவா போறார்?" என்கிறாள்.

இந்த மௌனத்தைப் படித்த திமிர் என்று ஒதுக்குவது சுலபம். துருக்கியில் ஓர் ஆடைக்கடைத் தொடரின் ஊழியர்களை ஆராய்ந்து பெர்ரின் எர்தோகனும் தாலியா பவரும் 2009இல் வெளியிட்ட முடிவு அதற்கு ஒத்துவரவில்லை. வேலைக்கு மிஞ்சிய தகுதி இருப்பதாக நினைத்தவர்கள் விற்பனையில் சோடை போகவில்லை, ஒருபடி மேலேயே நின்றார்கள். மனக்குறைதான் அவர்களுக்குக் கூட. தாமாக முடிவெடுக்க இடம் கிடைத்தவர்களிடம் அந்தக் குறையும் தணிந்திருந்தது.

அப்படியானால் அவள் ஏன் வாய் திறக்கவில்லை? முறைப்பாடு செய்வதை விட யோசனை சொல்வது கஷ்டம். படிவம் பிழை என்றால், அதை அமைத்தவர் பிழை என்றாகிவிடும். அதுவும் அவரைவிடக் கூடப் படித்தவள் சொன்னால் கேட்கவே வேண்டாம். பேசினால் பழிவராது என்ற நம்பிக்கை அவளுக்கு எங்கிருந்து வரும்? மற்ற விடயங்களில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதிலிருந்துதான். இடமாற்றத்துக்குக் காரணம் சொன்னார்களா, வேலையைப் பங்கிட்டபோது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அந்த ஒரு வார்த்தையின் பெறுமதியை அலன் லிண்டும் வேறு இருவரும் 1990இல் ஓர் ஆய்வுகூடப் பரிசோதனையில் அளந்தார்கள். நேர அட்டவணை தயாரிக்கும் வேலைக்கு இலக்கு வைத்தபோது, சிலரிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டார்கள், சிலரிடம் முடிவெடுத்த பிறகு, மற்றவர்களிடம் கேட்கவேயில்லை. முன்கூட்டிக் கேட்கப்பட்டவர்களுக்கே நடைமுறை மிக நியாயமாகப் பட்டது. வியப்பு என்னவென்றால், பிந்திக் கேட்கப்பட்டவர்கள்கூட, கேட்கப்படாதவர்களை விட அதை நியாயம் என்றார்கள்.

அதிகாரிகள் இப்படிப் பிந்திக் கேட்பதைக் குறுக்குவழியாக்கக் கூடும். ஆய்வுகூடத்தில் ஒருமுறை செல்லும் சடங்கு, வருடக்கணக்காக ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் செல்லுமா? செல்லாது என்பது கொட்டாஞ்சேனை ஹாட்வெயார் கடை முதலாளி ஒருவருக்குத் தெரியும். கொமர்ஸ் படித்த பொடியன் ஸ்டொக் புத்தகத்தில் பிழை காட்டினால், அடுத்த ஓடர் அதன்படி போகிறதா என்று மற்றப் பொடியன்களும் கவனிப்பார்கள். செயலகத்திலும் அப்படித்தான்: எக்செல் யோசனை அடுத்த கூட்டக் குறிப்பில் யார் பெயரில் பதிவாகிறது என்பதை முதலில் பார்ப்பது பக்கத்து மேசைக்காரி.