வகுப்பறையில் ஒரு பேராயர்

ஜனவரி 27 அன்று செர்பியாவில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பாடம் மட்டும் நடக்காது. பிள்ளைகள் இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வருவார்கள். மேசைமேல் மெழுகுவர்த்தி எரியும். பக்கத்தில் பின்னல் வேலைப்பாட்டோடு சுட்ட வட்டமான ரொட்டி ஒன்றும், கோதுமையை வேகவைத்து அரைத்து, அக்ரூட்டும் சர்க்கரையும் கலந்த கோல்யிவோவும் இருக்கும். பாதிரியார் செபம் சொல்லி, ரொட்டியின் அடிப்பக்கத்தைச் சிலுவையாகக் கீறி, அதில் சிவப்பு ஒயினை ஊற்றுவார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றுவார்கள். அப்புறம்தான் பிய்ப்பது. அதன் பின் பாட்டு, செய்யுள் ஒப்பித்தல், சின்ன நாடகம்.

எல்லாம் 1236-இல் இறந்துபோன பேராயர் சாவாவுக்காக.

பேராயர்கள் பெயரில் கோயில்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஆனால், ஒரு நாட்டின் பள்ளிகள் அத்தனையும் ஒரே பேராயரைத் தங்கள் பாதுகாவலர் என்று கொண்டாடுவதும், ஒவ்வொரு தலைமுறையும் அவரை முதலில் வகுப்பறையில் சந்திப்பதும் அபூர்வம். சாவா உண்மையில் குடியிருப்பது பளிங்கு போட்ட ஆலயங்களில் அல்ல, சாக்பீஸ் தூசி பறக்கும் அறைகளில்தான் என்பது என் கட்சி.

பிறந்தபோது அவர் பெயர் ராஸ்ட்கோ. செர்பியாவை ஆண்ட ஸ்டெஃபான் நெமான்யாவின் கடைக்குட்டி. ஆள்வதற்கு ஒரு சீமையையே கொடுத்திருந்தார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் அதை உதறிவிட்டு, துறவிகள் வாழும் ஆதோஸ் மலைக்கு ஓடிப்போனார். மகனைப் பிடித்துவரத் தந்தை ஆட்களை அனுப்பினார். அவர்களுக்கு விருந்து வைத்து, நீண்ட வழிபாட்டில் உட்கார வைத்து, அவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் பையன் கோபுரத்தில் ஏறி முடி களைந்து துறவு வாங்கிக்கொண்டாராம். விடிந்ததும் மேலேயிருந்து அவருடைய உடுப்பும் வெட்டிய முடியும் கீழே விழுந்தன. இப்படிச் சொல்கின்றன பழைய வரலாறுகள். சில ஆண்டுகளில் அந்தத் தந்தையே அரியணையை விட்டிறங்கி, துறவியாகி, மகன் இருந்த மலைக்கு வந்துசேர்ந்தார். 1198-இல் இருவருமாகப் பாழடைந்து கிடந்த ஹிலாண்டர் மடத்தை எடுத்துக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு தந்தை இறந்தார்.

சாவா 1219-இல் நிக்கேயாவுக்குப் போய், செர்பியத் திருச்சபைக்குத் தன்னாட்சி பெற்று, அதன் முதல் பேராயராகத் திரும்பிய கதையை வரலாற்று நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. அந்த அரசியல் இங்கே வேண்டாம். எனக்கு முக்கியம், அவர் கையில் எப்போதும் எழுதுகோல் இருந்தது. 1199-இல் கார்யேஸ் என்ற இடத்தில் தனியாகத் தவமிருக்க ஒரு சிறு குடில் கட்டி, அதற்கு ஒரு ஒழுங்குமுறை எழுதினார். ஹிலாண்டருக்கும் ஸ்டுடெனிட்சா மடத்துக்கும் விதிநூல்கள் எழுதினார். தந்தையின் வாழ்க்கையை எழுதினார். கிரேக்கத்திலிருந்த திருச்சபைச் சட்டங்களையும் பேரரசின் சட்டங்களையும் தன் மக்கள் மொழிக்குக் கொண்டுவந்த பெருந்தொகுப்பு ஒன்று அவர் பெயரால் நிற்கிறது. அதன் படிகள் பல்கேரியா வழியாக ரஷ்யா வரை போயின.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தொடுவது ஒரு கடிதம். புனித நாட்டுப் பயணத்தில் உடல் நலிந்திருந்த வேளையில் ஸ்டுடெனிட்சா மடத்துத் தலைவருக்கு எழுதியது. கூடவே சில பொருள்கள் அனுப்பினார்: ஒரு சின்னச் சிலுவை, ஒரு இடைக்கச்சை, ஒரு துண்டு, ஒரு சிறு கல். சொந்த ஊர்க்காரனுக்கு வெளியூரிலிருந்து கைக்கு அகப்பட்டதை அனுப்பும் ஒரு சாதாரண மனிதர் அதில் தெரிகிறார். திரும்பும் வழியில் பல்கேரியாவின் வேலிகோ டர்னோவோவில் உயிர் பிரிந்தது. உயிரோடு ஊர் திரும்பவே இல்லை.

ஆனால் செர்பியக் கிராமத்துப் பாட்டிகள் சொன்ன சாவாவுக்கு நிக்கேயாவும் தெரியாது, சட்டத் தொகுப்பும் தெரியாது. அந்தச் சாவா கையில் கோலோடு ஊர் ஊராக நடக்கிற வாத்தியார். ஓரிடத்தில் ஜன்னல் இல்லாமல் வீடு கட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சாக்கில் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர் சுவரில் ஒரு திறப்பு வெட்டிக் காட்டுகிறார். இன்னோரிடத்தில் ஒருவன் ஒரு சால் உழுதுவிட்டு, கலப்பையைத் தூக்கிச் சுமந்துகொண்டு தொடங்கிய இடத்துக்கே போய் அடுத்த சாலைப் பிடிக்கிறான். மாட்டைத் திருப்பி, போன வழியிலேயே உழுதுகொண்டு வரலாமே என்று கற்றுக்கொடுக்கிறார். பாலை உறைய வைப்பதும் நெய்வதும் இவர் சொல்லிக்கொடுத்த வித்தைகளாம். ஓநாய்களுக்கே இவர்தான் மேய்ப்பர் என்றும் ஒரு நம்பிக்கை. புனிதரைப் பற்றிய கதைகளில் குருடர் பார்ப்பதும் முடவர் நடப்பதும் வருவது வழக்கம். இவர் கதைகளிலோ அற்புதம் என்பது, தெரியாத ஒருவனுக்கு ஒன்று தெரியவருவது. பள்ளிகள் இவரைத் தேடிப் பிடித்ததில் என்ன வியப்பு?

1840-இல் செர்பியச் சிற்றரசு அவரைப் பள்ளிகளின் பாதுகாவலராக அறிவித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஆட்சி அந்த விழாவைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1990-இல் அது திரும்பியது. முஸ்லிம் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளியில் ஆர்த்தடாக்ஸ் சடங்கு எதற்கு என்று கேட்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன்: சாவாவின் உடல் மிலெஷேவா மடத்தில் இருந்த காலத்தில் துருக்கியரும் யூதரும்கூட வந்து காணிக்கை வைத்துப் போனதை 16-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த உடல் இன்று இல்லை. 1594-இல் கிளர்ச்சி செய்தவர்கள் சாவாவின் உருவம் பொறித்த கொடிகளைப் பிடித்தார்கள். பதிலுக்கு ஒட்டோமான் தளபதி சினான் பாஷா உடலை மிலெஷேவாவிலிருந்து எடுத்துவரச் செய்து, பெல்கிரேடில் எரித்தார். 1595 என்பாரும் உண்டு. எரித்த இடம் வ்ராச்சார் மேடு என்பது மரபு. அந்த மேட்டில்தான் இன்றைய சாவா பேராலயம் நிற்கிறது. 1935-இல் தொடங்கிய கட்டுமானம் 1941-இல் போரால் நின்றது. பாதியில் நின்ற சுவர்களுக்கு நடுவே ராணுவ வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். 1985-இல்தான் வேலை மறுபடி ஆரம்பித்தது. தரையிலேயே கட்டிமுடித்த 4,000 டன் குவிமாடத்தை 1989-இல் ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றியதை நகரமே நின்று பார்த்தது. உள்ளே மொசைக் வேலை 2020-இல் முடிந்தது. பக்கத்திலேயே தேசிய நூலகம். அதன் பழைய கட்டடமும் 1941 ஏப்ரல் 6 குண்டுவீச்சில் ஏடுகளோடு எரிந்துபோனதுதான். ஹிலாண்டரிலும் 2004-இல் தீப்பிடித்து மடத்தின் பெரும்பகுதி போயிற்று. அதையும் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தீயில் போனதை மீட்கத் தெரிந்த நாடு அது. தீயில்லாமலே போய்க்கொண்டிருப்பதை என்ன செய்யப்போகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2011 கணக்கெடுப்பில் செர்பியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 72 லட்சம்; 2022-இல் 66 லட்சத்து 47 ஆயிரம். இரண்டிலும் கொசோவோ சேரவில்லை. பிறப்பு குறைந்தது, இளையவர்கள் பெல்கிரேடுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விட்டார்கள். முதல் அடி மலைக்கிராமப் பள்ளிகளுக்குத்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஒரே அறை, ஒரே ஆசிரியர். இந்த ஓராசிரியர் பள்ளிகளில் பல, ஐந்து பிள்ளை, மூன்று பிள்ளை என்று இளைத்து வருகின்றன. ஒரே ஒரு பிள்ளைக்காகத் திறந்திருக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் பேருந்து ஏறிவிட்டால் கதவில் பூட்டு விழும்.

பூட்டியதால் அரசுக்குச் செலவு மிச்சம் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் ஊரில் குளிர்காலத்தில் புகைபோக்கியில் புகை வரும் பொதுக் கட்டடம் பெரும்பாலும் அந்தப் பள்ளி ஒன்றுதான். வாத்தியார் இருக்கிறார் என்பதால் ஊரில் தங்கிய இளம் குடும்பம், வாத்தியார் போனதும் மூட்டை கட்டும். அப்புறம் திருவிழாவுக்கு மட்டும் கோயில் திறக்கும். பேராலயத்துக்கு ஊரெல்லாம் கொடுத்தது போல, இந்தச் சின்னப் பள்ளிகளின் கூரைக்கும் வாத்தியார் குடியிருப்புக்கும் யாராவது கேட்டு வாங்க வேண்டும். சாவாவின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு இதைவிட முறையான காரியம் எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைப் பிள்ளை உள்ள பள்ளியிலும் ஜனவரி 27 வரும்; ரொட்டியும் வரும். சுழற்றக் கைகள் வேண்டுமே. பாதிரியார் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம், பிள்ளையின் தாய் தகப்பன், இரண்டு கிழவர்கள். நடுவில் அந்தப் பிள்ளை. சுழற்றி முடித்ததும் அடுத்த ஆண்டு விழாவை ஏற்று நடத்தப்போகிறவர் ரொட்டியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அந்தப் பங்கோடு நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.