சிறியது கரையும், பெரியது வளரும்

உங்கள் பந்துமுனைப் பேனாவின் நுனியில் கடுகைவிடச் சிறிய குண்டு ஒன்று சுழல்வதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. சுவரில் துளையிடும் கருவியின் முனையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. இதன் உருகுநிலை ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸ். இதை உருக்கி அச்சில் வார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பின் எப்படி இதைச் செய்கிறார்கள்?

1923இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் இதற்கு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடுத் தூளுடன் சிறிது கோபால்ட்டுத் தூளைக் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, பிறகு சூடாக்க வேண்டும். இன்று இதைச் சுமார் 1,400 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். கோபால்ட்டின் உருகுநிலை 1,495 டிகிரி. ஆனால் கார்பைடு அதில் சிறிது கரைவதால், 1,300 டிகிரி அளவிலேயே திரவம் தோன்றிவிடுகிறது. இம்முறைக்குத் திரவநிலைச் சிண்டரிங் என்று பெயர்.

இத்திரவம் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்து அவற்றை நனைக்கிறது. பரப்பு இழுவிசை துகள்களை நெருங்கச் செய்கிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதும் இவ்விசையால்தான். துளைகள் மறைந்து, பண்டம் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வரை சுருங்குவதுண்டு.

வேடிக்கை இனிமேல்தான் இருக்கிறது. துகளின் பரப்பிலுள்ள அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு. ஆகவே பிடிப்பும் குறைவு. துகள் சிறிதாக ஆக அதன் பரப்பின் வளைவு மிகும். அணுக்கள் எளிதில் கழன்று திரவத்தில் கரையும். எனவே சிறு துகளைச் சுற்றிக் கரைபொருளின் செறிவு அதிகமாகவும், பெரிய துகளைச் சுற்றிக் குறைவாகவும் இருக்கும். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் விரவும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அவ்வாறு விரவிச் சென்ற அணுக்கள் பெரிய துகளின்மேல் படிகின்றன. சிறியது தேய்ந்து மறைய, பெரியது மேலும் பெரிதாகிறது. வேதியியலறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் இதை 'ஆஸ்ட்வால்டு முதிர்ச்சி' என்பர். நெடுநாள் வைத்த ஐஸ்கிரீம் பல்லில் நறநறப்பதும், அதிலுள்ள சிறு பனிப்படிகங்கள் மறைந்து பெரியவை வளர்வதால்தான்.

துகள்கள் வளர இன்னொரு வழியும் உண்டு. ஒன்றையொன்று தொடும் இரு துகள்களின் அணு அடுக்குகள் ஒரே திசையில் அமைந்திருந்தால், அவை இணைந்து ஒரே துகளாகிவிடும். அடுக்குகள் திசைமாறி இருந்தால் நடுவே ஓர் எல்லை நிற்கும்.

வளரட்டுமே, அதனால் என்ன என்று கேட்பீர்கள். துகள் பெரிதானால் கடினத்தன்மை குறையும். வெட்டுமுனை விரைவில் மழுங்கும். அளவுமீறி வளர்ந்த ஒரு துகளிலிருந்தே விரிசல் தொடங்கலாம். ஆகவே வெனேடியம் கார்பைடு அல்லது குரோமியம் கார்பைடைச் சிறிதளவு சேர்த்து வளர்ச்சியைத் தடுக்கிறார்கள். மின்சுற்றுப் பலகையில் மயிரிழைத் துளையிடும் ஊசிக்கு இத்தகைய நுண்துகள்கள் வேண்டும். பாறையைக் குடையும் முனையோ ஓயாமல் அடி தாங்க வேண்டும். அதற்குப் பெரிய துகள்களே ஏற்றவை. உலையில் துகள் எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்தே கருவியின் ஆயுள் அமைகிறது.