இரு கண்கள், ஒரு பார்வை



பெத்சாய்தா ஊரில் பார்வையற்ற ஒருவர் குணமடைந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அவர் தாமாக வரவில்லை. சிலர் அவரை இயேசுவிடம் அழைத்து வந்தார்கள். குணமும் ஒரே தடவையில் நிகழவில்லை. முதலில் கண்களுக்கு ஒளி வந்தது. ஆனால் மனிதர் யார், மரம் எது என்று பிரித்தறிய அவரால் இயலவில்லை. இயேசு மீண்டும் கைவைத்த பின்னரே யாவும் தெளிவாகத் தெரிந்தன.

ஒளியைப் பெறுவது வேறு, காண்பது வேறு என்பதை இன்றைய மருத்துவமும் கூறுகின்றது. ஒளியைப் பெறுவது கண்; காண்பது மூளை. விழித்திரையில் விழுகின்ற ஒளி மின் சைகைகளாக மாறி, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகளின் வழியே புறப்படுகின்றது. மூளையின் அடிப்பகுதியில் இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கின்றன. அங்கே மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் கடந்து செல்கின்றன. ஆகவே, நமக்கு இடப்புறம் உள்ளவற்றை வலப்பக்க மூளையும், வலப்புறம் உள்ளவற்றை இடப்பக்க மூளையும், இரு கண்களிடமிருந்தும் பெறுகின்றன. பிடரிப் பக்கத்து மூளைப் புறணியில் அச்செய்திகள் இணைந்து ஒரே காட்சியாகின்றன.

இவ்விணைப்பு நிகழ இரு கண்களும் ஒரே இடத்தை நோக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. மூளையின் 12 சோடி நரம்புகளுள் 3 சோடிகள் இவற்றை ஆள்கின்றன. நாம் வலப்புறம் நோக்கும்போது, வலக்கண்ணின் வெளித்தசைக்கும் இடக்கண்ணின் உட்தசைக்கும் மூளைத்தண்டிலிருந்து ஒருங்கே கட்டளை செல்கின்றது. இவ்வரிகளை வாசிக்கையிலும் உங்கள் இரு கண்களும் செக்கனுக்கு மூன்று நான்கு தடவை சேர்ந்தே தாவுகின்றன.

ஒரு குழந்தையின் கண்கள் இவ்வாறு சேர்ந்து நோக்காவிடில் என்ன நிகழும்? வளர்ந்தவராயின், ஒன்று இரண்டாகத் தெரிகின்றதென்று முறையிடுவார். குழந்தையின் மூளையோ விலகிய கண்ணின் செய்தியை ஒதுக்கிவிடுகின்றது. குழந்தைக்கு நோவில்லை, நல்ல கண்ணின் துணையோடு ஓடி விளையாடுகின்றது. ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வையோ நாளடைவில் மங்கிப்போகின்றது.

டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்னும் அறிஞர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து ஆராய்ந்தார்கள். மீண்டும் திறந்தபோது கண் பழுதின்றி இருந்தது. ஆனால் மூளைப் புறணியின் பெரும்பாலான கலங்கள் அக்கண்ணுக்குப் பதிலளிக்கவில்லை. வளர்ந்த பூனைகளில் இவ்வாறு நேரவில்லை. பார்வை குறித்த ஆய்வுகளுக்காக இவ்விருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். காண்பதற்கு மூளை பழகும் பருவம் குழந்தைப் பருவமே என்பதை அவர்களது ஆய்வு உணர்த்திற்று.

வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்போரும், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருப்போரும் நம்மிடையே உளர். பிறந்த முதற் சில மாதங்களில் கண்கள் இடையிடையே விலகுவது இயல்பே. நான்கு மாதங்களின் பின்னரும் விலகுமாயின் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். அரிதாக, கண்ணினுள் வளரும் புற்றுநோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிதல், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்து மற்றக் கண்ணைப் பழக்குதல், தேவையெனில் தசைகளில் சத்திரசிகிச்சை செய்தல் என வழிகள் உண்டு. ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் மிகுதி. பிந்தினாலும் முயற்சி வீணன்று.

பெத்சாய்தா மனிதர் தம் குறையை அறிந்திருந்தார். நம் பிள்ளையோ அறியாது. உலகம் எல்லோருக்கும் இவ்வாறே தெரிகின்றதென்று எண்ணிக்கொள்ளும். ஆகவே அழைத்துச் செல்லும் கடமை பெற்றோராகிய நமக்கே உரியது. இன்றே உங்கள் பிள்ளையின் கண்களை ஒவ்வொன்றாக மறைத்து, மற்றக் கண்ணால் ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மறைக்கையில் மட்டும் பிள்ளை சிணுங்கி உங்கள் கையைத் தட்டிவிட்டால், தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.